முன் ஷொக் மாற்ற கேவைபி எக்ஸெல்-ஜி: 121 கொரோலாவும் நம்மூர் உப்புக்காற்றும்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஓடுகிற 121 கொரோலா (டொயோட்டாவின் ஒரு மொடல்) ஒன்றுக்கு முன் ஷொக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோபர்) போய்விட்டது என்று பார்ட்ஸ் கடையில் கேட்டால் நாலு விதமான சாமானைச் சொல்வார்கள். ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த ஷொக் ஒன்று. வெட்டி ஒயில் விட்டுத் திரும்ப ஒட்டிய ரிபெயார் ஷொக் இன்னொன்று. பெயர் கேள்விப்படாத புதுப் பெட்டி மூன்றாவது. ஜப்பான் கொம்பனியான கேவைபியின் (KYB) எக்ஸெல்-ஜி என்ற புது ஷொக் நாலாவது. வாங்குவதென்றால் நாலாவதைத்தான் வாங்குங்கள். ஆனால் அந்த இரண்டு ஷொக்கை மட்டும் வாங்கி வந்து, பழைய மவுண்ட் (ஷொக்கின் மேல் முனையைக் காரின் உடம்போடு பிடிக்கிற சாமான்), பழைய ரப்பரோடு மாட்டினால் செலவழித்த காசில் பாதி வீண். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடுகிற காரில் ஷொக்கைவிடச் சுற்றியிருக்கிற சாமான்தான் முதலில் சாகிறது.

கடைக்குப் போக முன்னம், பழுது ஷொக்கில்தானா என்று பாருங்கள். சின்னப் பள்ளத்தில் விழும்போது “டக் டக்” என்று சத்தம் வருகிறது என்பதற்காக ஷொக் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கில் (கார் சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியை ஷொக்கோடு இணைக்கிற சின்னத் தண்டில்) இருந்து வருவது. இரண்டு முன் சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டினால் அதன் போல் ஜொயின்டில் (உருண்டை மூட்டில்) ஆட்டம் தெரியும். ஷொக்கோடு ஒப்பிட்டால் லிங்க் மலிவு. அதை மாற்றியே சத்தம் நின்றுவிட்டால் மிச்சக் காசு பெற்றோலுக்கு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது “டொங்” என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் கேட்டால் மேல் மவுண்ட்டின் பெயரிங் இறுகிவிட்டது. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் வெளியில் நின்று ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தால் அது வழுக்கித் திரும்பாமல் முறுகி நின்று சடக்கென்று விடுபடுவது கையிலேயே தெரியும். விரலை ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவில் விடாதீர்கள்.

ஷொக்கே போயிருந்தால் அடையாளம் வேறு. சீலில் (ஒயில் வெளியே வராமல் அடைக்கிற வளையத்தில்) இருந்து கீழ்நோக்கி ஒயில் வழிந்து அதில் மண் அப்பியிருக்கும். மெல்லிய ஈரம் மட்டும் என்றால் அது சாதாரணம். சொட்டுகிற அளவுக்கு வந்தால்தான் மாற்ற வேண்டும். பம் (ரோட்டு மேடு) ஒன்றில் ஏறி இறங்கிய பிறகு மூக்கு ஒரு தடவைக்கு மேல் தலையாட்டும். பிரேக் பிடித்தால் முன் பக்கம் குத்தும். டயரின் மேற்பரப்பைக் கையால் சுற்றித் தடவினால் மேடும் பள்ளமுமாக அலையடிக்கும். பொனட்டை அமுக்கி விட்டுப் பார்க்கிற பரீட்சையை அதிகம் நம்ப வேண்டாம். முற்றாகச் செத்ததை மட்டுமே அது காட்டும். அரைவாசி போன ஷொக் அதில் தப்பிவிடும். 80,000 கிலோமீற்றர் ஓடிய ஷொக்கைச் சோதித்து மாற்றச் சொல்கிறது கேவைபி. கிறவல் ரோட்டில் அதிகம் ஓடுகிற வண்டிக்கு அதற்கு முன்னமே பார்ப்பது நல்லது.

இன்னொன்று: “முன் பக்கம் பதிந்து நிற்கிறது, ஷொக் மாற்றினால் எழும்பும்” என்று நினைத்து வாங்காதீர்கள். காரின் உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க மட்டும்தான்.

பாவித்த ஜப்பான் சாமானுக்கு நம்மூரில் ஒரு மரியாதை இருக்கிறது. கியர்பொக்ஸ், அல்டர்னேட்டர் என்றால் அது நியாயமும்தான். ஷொக் அப்படி இல்லை. உள்ளே இருக்கிற சீலும் ஒயிலும் ஓடத் தேயும், ஓடாவிட்டாலும் காயும். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று சொல்ல எவராலும் முடியாது. பனிப் பிரதேசத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுவதால், அங்கே ஓடிய காரில் இருந்து வந்ததென்றால் கீழ்த் தட்டு ஏற்கெனவே துருப்பிடித்திருக்கும். கையிருப்பு அவ்வளவுதான், வேறு வழியில்லை என்றால் ஷொக்கை நிமிர்த்தி வைத்து ரொட்டை (உள்ளே ஏறி இறங்குகிற பளபளப்பான தண்டை) முழுதாக அமுக்குங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். கையை எடுத்தால் தானாக மெல்ல எழும்ப வேண்டும். அமுக்கிய இடத்திலேயே கிடந்தால் வாயு போய்விட்டது. ரொட்டில் நகத்துக்குத் தட்டுப்படுகிற துருப்புள்ளி ஒன்று இருந்தாலும் வேண்டாம். அது சீலை அறுத்துவிடும். நாலு சில்லும் இழுக்கிற 124 கொரோலாவின் சாமானையும் 121 என்று தந்துவிடுவார்கள், ஆகவே சேஸி எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

ரிபெயார் ஷொக்கின் பிரச்சினை வேலைக்காரரின் கைத்திறன் அல்ல. எக்ஸெல்-ஜி போன்றவை இரட்டைக் குழாய் ஷொக். ஒயிலுக்கு மேலே நைதரசன் வாயு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். பிஸ்டன் வேகமாக மேலும் கீழும் ஓடும்போது ஒயில் நுரைக்காமல் வைத்திருப்பது அந்த அழுத்தம்தான். வெட்டி ஒட்டும்போது வாயு போய்விடும், திரும்ப வெறும் ஒயில்தான் போகும். கொம்மாதுறையில் இருந்து கல்லடி வரை தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வரிவரியாகக் கிடக்கிற கிறவல் ரோட்டில் இருபது நிமிடம் ஓடட்டும்: ஒயில் சூடேறி நுரைக்கும், நுரை அமுங்கும், பிஸ்டனுக்குப் பிடி இருக்காது. வெல்லாவெளிப் பக்கம் தினமும் போய் வருகிறவருக்கு அது காசு மிச்சமே இல்லை.

பெயர் தெரியாத புதுப் பெட்டியைப் பற்றி நல்லதும் சொல்வதற்கில்லை, கெட்டதும் சொல்வதற்கில்லை. இடமும் வலமும் ஒரே வேகத்தில் எழும்புகிறதா என்று பார்த்தாலே பாதி விசயம் விளங்கும்.

இனிக் கேவைபி. எக்ஸெல்-ஜி என்பது காரோடு வந்த ஷொக்கின் தன்மையைத் திருப்பித் தருவதற்கான வகை. ஓட்டப்பந்தய இறுக்கத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் செத்த ஷொக்கில் பழகியவருக்கு முதல் கொஞ்ச நாள் கல்லுப் போலத் தெரியும். சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட இடங்கள் கைக்கு வரும். பெரிய பள்ளத்திலும் பாலத்தில் ஏறுகிற இடத்தில் உள்ள இணைப்புகளிலும்தான் வித்தியாசம் புரியும்: ஒரு தடவை ஏறி இறங்கி அமைதியாகிவிடும், இரண்டாவது தலையாட்டல் இல்லை. நாலு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஏ4 வீதியில் பொத்துவில் பக்கம் போகிற குடும்பக் காருக்கு இது சரியான அளவு. வண்டியை மெத்தை போல ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

குறை சொல்வதென்றால் பெட்டியைத்தான் சொல்ல வேண்டும். ஷொக்கும் நடு நட்டும் இருக்கும். தூசி மூடியும் பம் ஸ்டொப் ரப்பரும் (ஷொக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுப்பது) தனியாக வாங்க வேண்டும். அதைக் கடையில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. பழைய தூசி மூடி கிழிந்திருந்தால் கடற்கரை மணல் நேரே பளபளப்பான ரொட்டில் ஒட்டும், ரொட் ஏறி இறங்க அந்த மணல் சீலை அரைக்கும். புது ஷொக் ஒரு வருடத்தில் ஒழுகியது என்று கடையோடு சண்டை பிடிக்கிறவர்கள் முதலில் அந்த மூடியைப் பார்க்கட்டும்.

ஆகவே முன் பக்கத்துக்கு முழுப் பட்டியல் இது: ஷொக் இடம் ஒன்று வலம் ஒன்று, மேல் மவுண்ட் இரண்டு, பெயரிங் இரண்டு (மவுண்ட்டோடு சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்), பம் ஸ்டொப் இரண்டு, தூசி மூடி இரண்டு, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டு, கீழ் போல்ட்டும் நட்டும் நாலு சோடி. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பெயின்ட் உரிந்து துரு செதிலாக எழும்பியிருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். கடலோர வண்டிகளில் ஸ்பிரிங் முறிகிற இடம் அதுதான்.

கேவைபி பெயரில் போலியும் உலவுகிறது. பெட்டியில் உள்ள இலக்கமும் ஷொக்கின் உடம்பில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து மங்கலாக, ஸ்டிக்கர் கோணலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று போட்டிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவெடுக்க வேண்டாம். அந்த நாடுகளிலும் கேவைபிக்குத் தொழிற்சாலை உண்டு. விலை டொலரோடு ஏறி இறங்குவதால் கல்முனையில் கேட்ட விலையைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். ஆனால் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லி வாங்கும்போது இடது இரண்டு வந்துவிட்டால் திருப்பி அனுப்புகிற அலைச்சல் உங்களுடையது. பிரேக் ஹோஸ் பிடிக்கிற கிளிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கி வந்ததும் ஒரு வேலை. பெட்டி நாள்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கும். அப்போது வாயு உள் குழாய்க்குள் புகுந்திருக்கும். முதல் தடவை அமுக்கும்போது நடுவில் வெறுமையாக ஒரு இடம் தட்டுப்படுவது அதனால்தான், பழுதால் அல்ல. நிமிர்த்தி வைத்து நாலைந்து தடவை முழுதாக அமுக்கி எழும்ப விடுங்கள், சரியாகிவிடும். அதன் பிறகு மாட்டும் வரை படுக்க வைக்காதீர்கள்.

வீட்டில் மாட்டுவது

இடம் முதலில். நம்மூர் வளவுகள் மணல். மணலில் ஜக் ஸ்டாண்ட் வைத்தால் ஒரு கால் புதையும், வண்டி சாயும். சீமெந்துத் தரை இல்லையென்றால் இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகலமான பலகை இரண்டை அடியில் போட வேண்டும், அதுவும் மழை விட்டு மண் இறுகிய பிறகு. மார்கழி மழைக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, இரண்டு முன் பக்கத்தையும் ஸ்டாண்டில் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் முறுகி நின்று லிங்க் நட்டைக் கழற்ற விடாது.

தேவையான சாவிகள் (மில்லிமீற்றரில்): சக்கர நட்டுக்கு 21, கீழ் போல்ட்டுக்கு 22இல் சொக்கட் ஒன்றும் ரிங் ஒன்றும், லிங்க்குக்கு 17 ரிங்கும் 6 மில்லிமீற்றர் அலன் கீயும், மேல் நட்டுக்கு 14, ஹோஸ் கிளிப்புக்கு 12 அல்லது 14. நீளக் கைப்பிடி ஒன்று, டோர்க் ரென்ச் ஒன்று, கட்டுவதற்குக் கம்பி. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பிரஸர் பற்றிப் பிறகு.

முதல் நாள் பின்னேரமே கீழ் நட்டுகள், லிங்க் நட்டு, ஹோஸ் கிளிப் போல்ட் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 மாதிரி ஒயில் அடித்து ஊற விடுங்கள். மறுநாளும் ஒருக்கால் அடியுங்கள். ஹோஸ் கிளிப் போல்ட் சின்னது, துருவில் இறுகியிருக்கும், வேகமாகத் திருப்பினால் தலை முறிந்துவிடும். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்த வயரும் இதே இடத்தில் பிடிபட்டிருக்கும், அதையும் விடுவியுங்கள்.

காரைத் தூக்க முன்னம் சக்கர நட்டுகளைத் தளர்த்தும்போதே மேலே மவுண்ட்டின் மூடியைக் கழற்றி, நடு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தலாம். கால் சுற்று மட்டும். ஸ்பிரிங்கின் முழு விசையையும் அந்த ஒரு நட்டுத்தான் பிடித்து வைத்திருக்கிறது. முழுதாகக் கழற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: முன் சக்கரம் ஒன்றின் மேல் நிற்கிற பாரம் ஏறத்தாழ 300 கிலோ.

சக்கரம் கழற்றிய பின் லிங்க்கை விடுவியுங்கள். அலன் கீயால் நடுத் தண்டைப் பிடித்து ரிங்கால் நட்டைத் திருப்ப வேண்டும். அலன் ஓட்டை துருவால் வழுக்கிவிட்டால் யோசிக்காமல் வெட்டுங்கள், லிங்க் புதிதுதானே போடப் போகிறோம். பிறகு ஷொக்கின் கீழ்க் காதும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் துண்டு) சேருகிற கோட்டைக் கூரான ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். போல்ட் தலையைப் பிடித்து நட்டை மட்டும் திருப்பி இரண்டையும் கழற்றுங்கள், போல்ட்டை இப்போதைக்கு உள்ளேயே விடுங்கள். மேலே 14 சாவி பிடிக்கிற நட்டு மூன்றையும் எடுங்கள். கடைசி நட்டு வரும்போது ஒரு கையால் ஸ்ட்ரட்டை (ஷொக், ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்ந்த தொகுதியை) தாங்க வேண்டும். (121க்குப் பிறகு வந்த 141 கொரோலா என்றால் வைப்பர் கைகளையும் முன் கண்ணாடிக்குக் கீழ் உள்ள கவுல் மூடியையும் கழற்றினால்தான் மேல் நட்டுக்குக் கை போகும், ஒரு மணித்தியாலம் கூட ஒதுக்குங்கள்.) கடைசியாகக் கீழ் போல்ட்டுகளை உருவி ஸ்ட்ரட்டை வெளியே எடுங்கள். நக்கிளை வெளிப்பக்கம் சாய விட்டால் எக்ஸலின் (சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின்) உள் ஜொயின்ட் இழுபடும், பிரேக் ஹோஸ் தொங்கும். உடனே கம்பியால் ஸ்பிரிங் இருந்த இடத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஸ்பிரிங் கம்பிரஸர்தான் இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய ஒரே சாமான். கொக்கி இரண்டும் நேர் எதிரெதிரே இருக்க வேண்டும். மாறி மாறி, ஒவ்வொன்றாக இரண்டு மூன்று சுற்று இறுக்குங்கள். மேல் தட்டில் இருந்து ஸ்பிரிங் விடுபட்டு லேசாக ஆடத் தொடங்கியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் அமுக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்கின் வாயும் மேல் தட்டும் எவருடைய முகத்துக்கும் நேரே இருக்கக் கூடாது. திருகு வளைந்த, கொக்கி தேய்ந்த கம்பிரஸரை இரவல் தந்தாலும் வாங்காதீர்கள். நல்லது கிடைக்காவிட்டால் வெட்கம் ஒன்றுமில்லை: கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதுச் சாமானோடு கராஜுக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மிச்ச வேலை முழுதும் வீட்டில் செய்யலாம்.

பிரிக்க முன்னம் மவுண்ட், மேல் தட்டு, ஸ்பிரிங் நுனி மூன்றும் எந்தத் திசையில் நிற்கின்றன என்று பெயின்டால் கோடு போட்டுப் படமும் எடுத்து வையுங்கள். புது ஷொக்கின் கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும். ஸ்பிரிங்கின் நுனி அந்தப் படியில் முட்டி உட்கார வேண்டும். உட்காராமல் மாட்டினால் ஓடும்போது ஸ்பிரிங் தானாகச் சுழன்று உட்காரும், அப்போது ஒரு பெரிய சத்தம் வரும். நடு நட்டை இம்பக்ட் கன்னால் இறுக்கவே கூடாது. ரொட் உள்ளே சேர்ந்து சுழன்று சீலும் பிஸ்டனும் பழுதாகும். ரொட்டின் பளபளப்பான பகுதியைப் பிளையரால் பிடிப்பதும் அதே தவறுதான். ஒரு கீறல் விழுந்தால் ஷொக்கின் ஆயுள் அத்தோடு சரி.

மாட்டுவது, கழற்றிய வரிசைக்கு அப்படியே தலைகீழ். 121க்கு இறுக்கும் அளவுகள்: கீழ் போல்ட்டுகள் 153 நியூட்டன் மீற்றர், மேல் மூன்று நட்டும் 39, நடு நட்டு 47, லிங்க் 74, சக்கர நட்டு 103. இந்த எண்களை 141க்குப் பாவிக்க வேண்டாம். அதன் கீழ் போல்ட் வேறு. மேல் நட்டு மூன்றும் சின்னது என்பதால் கைவாக்கில் ஓங்கி இறுக்கி மவுண்ட் ஸ்டட்டை முறிப்பது அடிக்கடி நடக்கிறது. கீழ் போல்ட்டில் மரைக்கு கிரீஸ் பூசாதீர்கள், இறுக்கக் கணக்குப் பிழைக்கும். மரை இல்லாத தண்டுப் பகுதிக்கு மட்டும் மெல்லியதாகப் பூசினால் அடுத்த தடவை கழற்றுவது இலகு. கை பழகாதவர் இரண்டு பக்கத்துக்கும் நாலைந்து மணித்தியாலம் எடுப்பார். காலையில் தொடங்குங்கள்.

உப்புக்காற்று விசயம். புது ஷொக்கின் கறுப்புப் பெயின்ட் பார்க்க அழகு, ஆனால் கீழ்த் தட்டு ஒரு கிண்ணம். மணலும் நீரும் அதற்குள்தான் தங்கும். ஸ்பிரிங்கைப் போட முன்னம் அந்தக் கிண்ணத்துக்குத் துரு தடுக்கும் பெயின்ட் ஒரு பூச்சுக் கூடப் பூசுங்கள், வடிகிற ஓட்டையை அடைத்துவிடாமல். ரொட்டிலும் ரப்பரிலும் பெயின்ட் படக் கூடாது. பாசிக்குடா, கல்லடிக் கடற்கரை என்று மணலுக்குள் இறக்கிய வண்டியை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் சக்கர வளைவுக்குள் கழுவிவிட்டாலே இந்தச் சாமான் பல வருடம் கூடப் போகும். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங் சற்றுச் சாய்ந்து நிற்கலாம். கீழ் ஓட்டைகளில் இருக்கிற சின்ன இடைவெளியால் சக்கரத்தின் சாய்வு கொஞ்சம் மாறும், அதோடு டோவும் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கிற அளவும்) மாறும். கீறிய அடையாளம் அதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. வீல் எலைன்மென்ட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும், இல்லாவிட்டால் சில ஆயிரம் கிலோமீற்றரில் டயரின் ஓரம் தேய்ந்துவிடும். டயர் தேய்ந்திருந்தால் புது டயர் போட்ட பிறகு எலைன்மென்ட் செய்வது நல்லது. அங்கே சாய்வைச் சரிசெய்ய உங்கள் கீழ் போல்ட்டைத் தளர்த்துவார்கள். திரும்ப இறுக்கும்போது டோர்க் ரென்ச் எடுப்பார்கள் என்பது நிச்சயமில்லை. ஆகவே வீட்டுக்கு வந்ததும் அந்த நாலு நட்டையும் 153இல் இன்னொருக்கால் பாருங்கள்.